ரசீது வைத்திருக்கும் நோயாளி

1994இல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவமனைக்குள் விசித்திரமான ஒரு கோட்டைக் கிழித்தது. மருத்துவர் நோயைக் கண்டறிவதும், மருந்து கொடுப்பதும், அறுவை சிகிச்சை செய்வதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் 'சேவை'க்குள் வராது. சிகிச்சை பெறுபவர் அந்தச் சட்டத்தின்படி 'நுகர்வோர்' ஆகமாட்டார். ஆனால் ஆஸ்பத்திரி தரும் துணை மருத்துவச் சேவைகளுக்கு இந்த விலக்கு கிடையாது என்றது அத்தீர்ப்பு. மருத்துவமனையில் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை எதுவோ அது மட்டும் நுகர்வோர் மன்றத்தின் வாசலுக்கு வெளியே நின்றது. அந்த நிலை அதிக நாள் நீடிக்கவில்லை. 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கோட்டை அழித்தது. காசு கொடுத்துச் சிகிச்சை பெறுபவர் நுகர்வோர்தான் என்று முடிவானது. 'அந்தத் தீர்ப்பு வந்த பிறகுதான் மருத்துவம் வியாபாரமாகிவிட்டது' என்ற புலம்பல் மருத்துவர் மாநாடுகளில் இன்றும் கேட்கிறது. நோயாளிகள் தரப்பிலோ அந்தத் தீர்ப்பைத் தங்கள் விடுதலைப் பத்திரமாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. இரு தரப்பும் அதற்கு அளவுக்கு மீறிய சக்தியைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். வியாபாரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. தீர்ப்பு நோயாளிக்குக் கொடுத்தது, அடிபட்ட பிறகு வழக்காடும் உரிமை. பேரம் பேசும் வலிமையை அது கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. அந்த வலிமை வந்த இடங்களிலெல்லாம் வேறு வழியாகத்தான் வந்தது.

நுகர்வோர் மன்றம் வருவதற்கு முன்பும் மருத்துவர்மீது வழக்குப் போட முடியும். மருத்துவருக்கு நோயாளியிடம் கவனக் கடமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1968லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. தடையாக இருந்தது சட்டம் அல்ல, செலவு. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டால், கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அது நீண்ட காலம் நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்தது. 2017இல்தான் மூன்றாகக் குறைந்தது. பத்து லட்சம் கேட்பவர் முக்கால் லட்சத்தைக் கட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்க முடியும். வக்கீல் கட்டணம் தனி, வாய்தாக்கள் தனி. 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கதவைத்தான் திறந்தது. மனுவுக்கு அப்போது கட்டணம் இல்லை. கட்டணம் என்ற ஒன்று 2003இல்தான் நடைமுறைக்கு வந்தது. வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: 'சேவை' என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்த பட்டியலில் வங்கி, காப்பீடு, போக்குவரத்து, மின்சாரம், தங்குமிடம், கேளிக்கை எல்லாம் உண்டு, மருத்துவம் இல்லை. இலவசமாகத் தரப்படும் சேவைக்கும், எஜமானுக்கு வேலைக்காரர் செய்வது போன்ற சொந்தப் பணி ஒப்பந்தத்துக்கும் விலக்கு உண்டு. மருத்துவர்கள் பட்டியலுக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்விக்கு விடை காண ஒன்பது ஆண்டுகள் ஆனது.

அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள், ஏன் அதற்குச் சற்று முன்பிருந்தே, மருத்துவமனையின் பொருளாதாரம் வேறு திசையில் நகர ஆரம்பித்துவிட்டது. அதுவரை நாம் அறிந்த ஆஸ்பத்திரிகள் மூன்று வகை: அரசு பொது மருத்துவமனை, மிஷன் அல்லது அறக்கட்டளை மருத்துவமனை, டாக்டர் தன் பெயரிலோ மனைவி பெயரிலோ நடத்தும் நர்சிங் ஹோம். 1983 செப்டம்பரில் சென்னை கிரீம்ஸ் சாலையில் 150 படுக்கைகளோடு அப்போலோ திறக்கப்பட்டபோது நான்காவது வகை பிறந்தது: பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்ட கம்பெனி ஆஸ்பத்திரி. 1986இல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் பாலிசியை விற்க ஆரம்பித்தன. 1988இல் மத்திய அரசு வெளிநாட்டு மருத்துவக் கருவிகளுக்குச் சுங்க வரி விலக்குத் தந்தது. வெளிநோயாளிகளில் 40 சதவீதம் பேருக்கு இலவசச் சிகிச்சை தர வேண்டும், மாத வருமானம் 500 ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்தினருக்கு உள்நோயாளிச் சிகிச்சை இலவசம், படுக்கைகளில் 10 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். கருவிகள் கப்பலில் வந்து இறங்கின. நிபந்தனைகள் பெரும்பாலும் காகிதத்திலேயே தங்கிவிட்டன. பின்னர் உச்ச நீதிமன்றமே இந்த விலக்கு குறித்த வழக்கொன்றில், இலவசச் சிகிச்சை என்பது தொடர்ந்து நிறைவேற்ற வேண்டிய கடமை என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆகவே, நோயாளிக்கு வாடிக்கையாளர் என்று பெயர் வைத்ததால் மருத்துவம் கடையானது என்பவர்கள் காலவரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். கடை திறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ரசீதுக்கு மதிப்பு வந்தது.

1995 தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தால், அதன் பலமும் ஓட்டையும் ஒரே இடத்தில் இருப்பது தெரியும். மருத்துவச் சங்கம் வைத்த வாதங்கள் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. எங்களைக் கண்காணிக்க மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. மருத்துவத்தின் நுணுக்கங்கள் நுகர்வோர் மன்ற உறுப்பினர்களுக்கு எப்படிப் புரியும். நோயாளிக்கும் எங்களுக்கும் இருப்பது சொந்தப் பணி உறவு என்றார்கள். கவுன்சில் மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து காலணா கிடைக்காது என்பது முதல் வாதத்துக்கு நீதிமன்றத்தின் பதில். இரண்டாவதற்கு அது அடுக்கிய உதாரணங்கள் யாருக்கும் புரிபவை: ஆள் மாறி அறுவை செய்வது, தவறான கை காலை அகற்றுவது, ஒவ்வாமை எச்சரிக்கை எழுதியிருக்கும் ஓ.பி. சீட்டைப் பார்க்காமலே ஊசி போடுவது, மயக்க மருந்தின்போது வாயுவை மாற்றித் திறந்துவிடுவது, தையல் போடும் முன் துணியை வயிற்றுக்குள் மறந்துவிடுவது. இவற்றுக்கு நிபுணர் குழு தேவையில்லை. மூன்றாவது வாதமும் நிற்கவில்லை; மருத்துவர் நோயாளியின் வேலைக்காரர் அல்ல, தன் திறமையைத் தானே வழிநடத்தும் தொழில்முறையாளர் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு மருத்துவமனைகளை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் இலவசமாகத் தருபவை சட்டத்துக்கு வெளியே. பெயருக்கு வாங்கும் பதிவுக் கட்டணம் இதை மாற்றாது. எல்லாரிடமும் காசு வாங்குபவை உள்ளே. சிலரிடம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகத் தருபவற்றில், இலவச நோயாளியும் நுகர்வோர்தான்.

முதல் வகையில்தான் இந்த நாட்டின் ஏழைகள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையை நடத்துவது நம் வரிப்பணம்தானே என்ற கேள்வியும் நீதிமன்றத்தின் முன் வந்தது; வரி என்பது ஒரு குறிப்பிட்ட சேவைக்குத் தரும் விலை ஆகாது என்று பதில் வந்தது. சட்டத்தின் பார்வையில் அது சரியான விடை. அதன் விளைவு என்ன என்பதை, மூன்றே மாதங்கள் கழித்து 1996 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த இன்னொரு வழக்கு காட்டிவிட்டது. மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963 ஜூலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது; சில நாளில் கருத்தடை அறுவையும் நடந்தது. வயிற்றுக்குள் ஒரு துணி தங்கிவிட்டது. மறுபடி திறந்து அதை எடுத்தார்கள். அந்த மாதமே அவர் இறந்துபோனார். குடும்பம் உரிமையியல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் 36,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தபோது முப்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. வயிற்றுக்குள் மறந்த துணி நிபுணர் இல்லாமலே புரியக்கூடிய தவறு என்று 1995 தீர்ப்பு சொன்ன அதே வகைத் தவறுதான் இதுவும். காசு கட்டியவருக்கு அதற்கு விரைவு மன்றம். கட்டாதவருக்குப் பழைய சாலை. இந்தப் பிளவைப் பின்னால் வந்த தீர்ப்புகள் கொஞ்சம் குறுக்கின. சம்பளத்திலிருந்து சந்தா பிடிப்பதால் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தொழிலாளி நுகர்வோரே என்று 2007இல் தீர்ப்பானது. ஆனால் ஓ.பி. சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர் இன்றும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்.

அப்படியானால் காசு கட்டியவருக்கு என்ன கிடைத்தது? முதலில், கையெழுத்துக்கு அர்த்தம் கிடைத்தது. டில்லியில் 1995இல் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று 44 வயதான, மணமாகாத ஒரு பெண் ஒரு கிளினிக்குக்குப் போனார். லாப்பரோஸ்கோப் வைத்துப் பார்ப்பதற்கும், தேவையானால் வயிற்றைத் திறப்பதற்கும் படிவத்தில் ஒப்புதல் தந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, உதவி மருத்துவர் அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. நம்மூரில் இதில் யாருக்கும் தவறே தெரிந்திருக்காது. அம்மா சொன்னால் போதாதா என்பதுதான் குடும்பங்களின் மனநிலை, டாக்டர்களின் மனநிலையும் அதுவே. தேசிய ஆணையம் மனுவைத் தள்ளியது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது: வயதுவந்த, சுயநினைவு திரும்பக்கூடிய ஒருவருக்கு, உயிராபத்து இல்லாத நிலையில், வேறு யாரும் சம்மதம் தர முடியாது, நோயைக் கண்டறியத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது. இதனோடு 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும், உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது அது. கேஸ் ஷீட் என்பது டாக்டரின் சொந்தச் சொத்து என்ற காலம் இப்படித்தான் முடிந்தது. இவை சின்ன லாபங்கள் அல்ல. இருந்தாலும் அந்த டில்லிப் பெண்ணுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தொகை 25,000 ரூபாய். மருத்துவரின் கட்டணமும் தள்ளுபடியானது. அவர் கேட்டது 25 லட்சம்.

மறுப்புகளில் வலுவானது, இந்தச் சட்டம் மருத்துவர்களைப் பயத்தில் தள்ளிவிட்டது என்பது. வழக்கு வந்தால் காட்டுவதற்காகவே ஸ்கேன் எடுக்கிறார்கள், ரத்தப் பரிசோதனைகளை அடுக்குகிறார்கள், சிக்கலான நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் பரிசோதனை பெருகியதற்குப் பயம் மட்டுமே காரணம் என்றால், பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிவைக்கும் டாக்டருக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கத்தை எங்கே வைப்பது? பயத்துக்கு யாரும் கமிஷன் தருவதில்லை. மேலும், நீதிமன்றங்கள் மருத்துவர்களைக் கைவிட்டுவிடவில்லை. லூதியானாவில் மூச்சுத் திணறிய புற்றுநோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்த வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் மருத்துவர்மீதான குற்ற வழக்கை ரத்து செய்தது. மிகக் கடுமையான அலட்சியம் இருந்தாலொழியக் குற்ற வழக்கு கூடாது, வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்து இல்லாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கக் கூடாது, வழக்கமாகக் கைது செய்துவிடக் கூடாது என்றது. அலட்சியமா இல்லையா என்பதை அதே துறையின் சராசரித் திறனுள்ள மருத்துவர் எப்படி நடந்திருப்பார் என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்ற 1957ஆம் ஆண்டு ஆங்கிலேய அளவுகோலும் இங்கே உறுதிப்பட்டது. அதாவது மருத்துவரை அளக்கும் கோல் மருத்துவர்களின் கையிலேயே இருக்கிறது. நிரூபிக்கும் பாரம் நோயாளியின் தலையில். இந்தியாவில் மருத்துவ அலட்சியத்துக்கு மிகப் பெரிய இழப்பீடாகப் பேசப்பட்ட கொல்கத்தா வழக்கில் மரணம் 1998இல் நடந்தது, 2013இல்தான் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய ஆறு கோடி ரூபாயை நிர்ணயித்தது. இறந்தவரின் கணவர் அமெரிக்காவில் பணிபுரிந்த மருத்துவர். மருத்துவத்தை மருத்துவரோடு மல்லுக்கட்டிப் பேச முடிந்த ஒருவருக்கே பதினைந்து ஆண்டுகள் என்றால், மற்றவர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை. மறுப்பின் இன்னொரு பாதியை மட்டும் நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். சட்டப் பிரிவும் காப்பீடும் வைத்திருக்கும் கம்பெனி ஆஸ்பத்திரி ஒரு வழக்கைத் தாங்கிக்கொள்ளும்; தெருமுனையில் தனியாகக் கிளினிக் நடத்தும் குடும்ப மருத்துவரை ஒரே வழக்கு உலுக்கிவிடும். எல்லாருக்காகவும் செய்த சட்டம் அந்தத் தனி மருத்துவரைத்தான் முதலில் பயமுறுத்தியது.

ஆனால் இவை எல்லாம் காயம்பட்ட பிறகு எழும் கேள்விகள். நுகர்வோர் என்றால் வாங்குவதற்கு முன் விலை கேட்பவர், கடை மாறுபவர், வேண்டாம் என்று எழுந்து போகக் கூடியவர். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963லேயே எழுதினார்: மருத்துவத்தில் வாங்குபவருக்குத் தனக்கு என்ன தேவை என்பதே தெரியாது, விற்பவரே தேவையையும் தீர்மானிக்கிறார். கேத் லேபுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே கம்பி இதயக் குழாய்க்குள் போயிருக்கிறது. 'இரண்டு அடைப்பு இருக்குங்க, ஸ்டென்ட் போடணும், உள்நாட்டுதா, வெளிநாட்டுதா, மருந்து பூசினதா?' என்று கேட்கிறார் ஒருவர். பதில் சொல்ல ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் யாராவது மூன்று ஆஸ்பத்திரியில் விலை விசாரித்திருக்கிறார்களா? தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்குப் பார்த்தபோது, மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரிச் சில்லறை விலை ஏறக்குறைய 1,21,000 ரூபாய். வாங்கிய விலைக்கு மேல் வைத்த லாபம் சில இடங்களில் 654 சதவீதம். 2017 பிப்ரவரி 13 அன்று அரசு உச்சவரம்பு வைத்தது: சாதா ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். ஒரே இரவில் விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. கிட்டத்தட்ட முப்பதாண்டு நுகர்வோர் உரிமையால் அசையாத விலையை ஓர் அரசாணை அசைத்தது. அது முடிவல்ல என்பதும் உண்மை. மறு ஆண்டு டில்லிப் பகுதியில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை அதே ஆணையம் ஆராய்ந்தபோது, ஊசி, கையுறை, கதீட்டர் போன்ற, ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களில் 1,737 சதவீதம் வரை லாபம் தெரிந்தது. ஓர் ஓட்டையை அடைத்தால் பில் அடுத்த ஓட்டைக்கு நகர்ந்துவிடுகிறது.

விலை நோயாளிக்குச் சாதகமாக நிலைத்த இடம் எது என்று தேடினால், எனக்குத் தெரிவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். சென்னை உயர் நீதிமன்றம் நோயாளி நுகர்வோர் இல்லை என்று சொன்ன அதே 1994இல்தான் அது பதிவானது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாகக் கழகமே வாங்கியது. தொழில்நுட்ப உறையும் விலை உறையும் தனித்தனியாக வைத்து டெண்டர். மருந்துகள் வணிகப் பெயரில் இல்லாமல் மூலப் பெயரில். மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஆய்வகச் சோதனை முடிந்த பிறகே விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக், அதில் இருக்கும் தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். அட்டையின் மீது அரசு முத்திரை, 'விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்து. அந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டவர் சட்டத்தின்படி நுகர்வோர் இல்லை. ஆனால் விலையில் அவருக்காகப் பேரம் பேச ஒருவர் இருந்தார். தனி நோயாளியால் செய்ய முடியாததைக் கூட்டு வாங்குபவர் செய்தார். இதற்கும் மறுப்பு உண்டு: அரசு கொள்முதல் என்றாலே தாமதம், தட்டுப்பாடு, தரம் குறையும் என்பார்கள். தட்டுப்பாடு வந்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிற மாநிலங்கள் இதே முறையைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன என்பதைக் குறையுள்ள ஒன்றுக்குக் கிடைக்கும் மரியாதையாக மட்டும் விளக்க முடியாது. காப்பீட்டுத் திட்டங்கள் வேறு கதை. 2007இல் ஆந்திரத்தின் ஆரோக்கியஸ்ரீ, 2009 ஜூலையில் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், 2018இல் ஆயுஷ்மான் பாரத் என்று அரசு சிகிச்சையையே தனியாரிடமிருந்து வாங்க ஆரம்பித்தது. பேக்கேஜ் விலையை அரசு நிர்ணயித்தது, அதுவரை லாபம்தான். ஆனால் எந்த அறுவை தேவை என்பதைத் தீர்மானிப்பவர் விற்பவராகவே நீடித்தார். தேவையில்லாத கருப்பை நீக்கங்கள் குறித்த புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் வழிகாட்டு நெறிகளை அமலாக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவு வந்ததற்கு இதுதான் பின்னணி. ஆரோ சொன்ன சிக்கலை வாங்குபவரின் அளவு மட்டும் தீர்த்துவிடாது. வாங்குபவருக்குள்ளேயே மருத்துவம் தெரிந்த கண் ஒன்று இருக்க வேண்டும்.

இதற்கிடையே சட்டத்தின் பழைய சண்டை ஓயவில்லை. 2019 நுகர்வோர் சட்டத்துக்கான மசோதாவின் சேவைப் பட்டியலில் முதலில் மருத்துவம் வெளிப்படையாக இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அந்த வார்த்தை எடுக்கப்பட்டது. எடுத்ததால் தங்களுக்கு விலக்கு வந்துவிட்டது என்று மருத்துவர் அமைப்பொன்று வழக்காடியது. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இல்லை என்றன. 2024 மே மாதம், வழக்கறிஞர்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று தீர்ப்பளித்த அமர்வு, மருத்துவர்கள் குறித்த 1995 தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்யலாமே என்று கருத்துச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், அதற்குத் தேவையில்லை என்று மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்துவிட்டது. வக்கீல்களைக் காப்பாற்றிய நீதிமன்றம் டாக்டர்களை ஏன் காப்பாற்றவில்லை என்று மருத்துவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் இந்தச் சண்டையில் யார் வென்றாலும் பில்லின் தொகை மாறப்போவதில்லை. மாற்றக்கூடிய விதி வேறிடத்தில் கிடக்கிறது. மருத்துவமனைகள் கட்டண விவரத்தை உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும், மாநிலங்களைக் கலந்து மத்திய அரசு வகுக்கும் வரம்புக்குள் வசூலிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவன விதிகள் சொல்கின்றன. அந்த வரம்பு ஏன் இன்னும் வகுக்கப்படவில்லை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கேட்க வேண்டி வந்தது. மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துக் கடையிலேயே வாங்கக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்ற மனுவில் 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், இது மாநில அரசுகள் கொள்கையாக முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று கைகழுவிக்கொண்டது. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டுக்குச் சொந்தமாகவே 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு விதிகள் எழுத 2018 வரை ஆனது.